பதில் தேவையில்லை

மைனஸ் இருபது டிகிரிக் குளிரில் அலுவலகத்தை விட்டு இறங்கிப் போய், காருக்குள் உட்கார்ந்து போன் பேசுகிற ஆளுக்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று கள்ளக் காதல். இல்லாவிட்டால் வேறு வேலை. வெண்டல் ஆஹோவுக்கு முதலாவது சுட்டுப்போட்டாலும் வராது. கட்டின மனைவி ரீட்டாவிடமே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன். ஆகவே வேறு வேலைதான் என்று மேரன் டாலஃப்சன் முடிவு கட்டினாள்.

இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவனுடைய பழைய வண்டியின் பின்னால் வெள்ளைப் புகை எழும்புவது தெரிந்தது. உள்ளே அவன் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா என்பது கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியில் பிடிபடவில்லை. இந்த வாரத்தில் இது முதல் தடவையும் இல்லை.

அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில் இருக்கிற டலூத் ஊரில் பழைய பாலங்களைச் சோதித்து, பழுதுபார்க்கத் திட்டம் போட்டுக் கொடுக்கிற சின்னக் கம்பெனி அவர்களுடையது. பதினெட்டு வருஷமாக இருவரும் சரிபாதிக் கூட்டாளிகள். வேலை பிடிப்பது, அதிகாரிகளிடம் பேசுவது, படம் போடுவது எல்லாம் மேரன். பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கி, கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்து, எது இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று கணக்குப் போடுவது வெண்டல். வடக்கே இருக்கிற மாவட்டங்களில் 'ஆஹோ பார்த்தாரா?' என்று கேட்டுவிட்டுத்தான் ஃபைலையே நகர்த்துவார்கள். அவன் போனால் கம்பெனியில் பாதி போகும் என்று சொல்வது தப்பு. கம்பெனியே போய்விடும். மேரனுக்கு அது தெரியும். அதனால்தான் ஜன்னலை விட்டு நகராமல் நின்றாள்.

நேரே கேட்டுவிட்டால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் முதலில் ஏரியில் ஐஸ் எத்தனை அங்குலம் பிடித்திருக்கிறது என்றுதான் விசாரிப்பார்கள். நல்ல ஜனங்கள்தான், ஆனால் ஒரு விஷயத்தை வாய்விட்டுக் கேட்பதைவிட வயிற்றுப்புண்ணோடு காலம் தள்ளுவது மரியாதை என்று நினைக்கிறவர்கள்.

வெண்டல் மேலே ஏறி வந்து, பூட்ஸிலிருந்த பனியை மிதியடியில் தட்டினான்.

"என்ன, வண்டி ஸ்டார்ட் ஆகுதா?" என்றாள் மேரன்.

"ஆகுது. பேட்டரிதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"அதான் போய்ப் பாத்துட்டு வந்தியா?"

"ம்" என்றான்.

அந்த 'ம்'மைத்தான் அவள் மத்தியானம் முழுக்க மென்றுகொண்டிருந்தாள்.

இந்த நிலைமைக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். போன இலையுதிர்காலத்தில் மேரன் ஒரு பெரிய டெண்டரைக் கோட்டைவிட்டாள். திறமைக் குறைவால் அல்ல. கடைசித் தேதியை மாற்றிச் சொன்ன மெயில் மற்ற மெயில்களுக்கு அடியில் அமுங்கிப்போய்விட்டது. மெயில், அலுவலக அரட்டை, மாவட்டங்களின் இணையப் பக்கங்கள், பொறியாளர் குழுக்கள், அதற்குமேல் உத்தியோகக்காரர்கள் தங்கள் பெருமையைத் தாங்களே எழுதிக்கொள்கிற அந்தத் தளம் வேறு. அங்கே கம்பெனி பெயரில் வாரம் ஒரு படம் போடாவிட்டால் கம்பெனி செத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். பாத்திரம் கழுவும்போதுகூட போன் அதிர்ந்தது. ஒருநாள் அது அதிராதபோதும் கை அதிர்ந்தது. டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "எதையாவது நிறுத்துங்க" என்றார்.

கவனம் சிதறாமல் வேலை பார்ப்பது எப்படி என்று மினியாபொலிஸில் நடந்த இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போனாள். போகும்போது நொந்து போனவள், வரும்போது ஞானத்தோடு வந்தாள். காதில் பெரிய ஹெட்போன். கையில் ஒரு சட்டம்: இனி யாரும் அவள் மேசைக்கு வந்து பேசக்கூடாது, எதுவானாலும் எழுத வேண்டும், வரிசைப்படி பார்ப்பாள்.

"பாத்ரூம் குழாய் வெடிச்சாலும் எழுதித்தான் போடணுமா?" என்றாள் மேவிஸ். அலுவலகத்தைக் கட்டி மேய்க்கிறவள் அவள், அறுபதைத் தாண்டியவள், வாயில் கத்தியோடு பிறந்தவள்.

"எழுது மேவிஸ், எனக்கு வந்து சேரும்."

"அதுக்குள்ள நானே மிதந்து வந்து சேந்துடுவேன்."

எழுதுவதையெல்லாம் பிரிக்க ஒரு மென்பொருளையும் வாங்கிப் போட்டிருந்தாள். வெண்டல் அதற்கு 'சல்லடை' என்று பெயர் வைத்தான். வருகிற ஒவ்வொன்றையும் அதுவே திறந்து படிக்கும். இப்போதே பார்க்க வேண்டியதைச் சிவப்பில் போடும், இன்றைக்குள் பார்க்க வேண்டியதை மஞ்சளில் போடும், மற்றதையெல்லாம் ஒரு வரியில் சுருக்கிச் சாம்பல் நிறக் கூடையில் தள்ளும். சாம்பலைத் திறக்கவே கூடாது என்பது வகுப்பில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். மேரன் நல்ல மாணவி. திறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் உடம்பு தேறியது. தூக்கம் வந்தது. ஆனால் தலைக்குள் இடம் காலியானதும் அங்கே சந்தேகம் வாடகை கொடுக்காமல் குடியேறியது. தனக்கு வருவதைப் படிப்பதை நிறுத்தியவள், வெண்டல் ஊருக்குக் காட்டுவதைப் படிக்க ஆரம்பித்தாள்.

முதலில் அந்தப் படம். உத்தியோகத் தளத்தில் அவன் படம் ஒன்று பல வருஷமாக இருந்தது. பாலத்தடியில் ஹெல்மெட்டோடு, பாதி முகம் நிழலில். டிசம்பரில் அது போய், டை கட்டின வெண்டல் வந்தான். டை கட்டி அவனை அவள் பார்த்தது ஒரே தடவை, அவன் அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கு. அப்புறம் மினியாபொலிஸில் இருக்கிற கார்ஸ்டெட் என்ற பெரிய கம்பெனியிலிருந்து ஒருவர், இருவர், மூவர் அவனுடைய தொடர்பில் சேர்ந்தார்கள். கார்ஸ்டெட் கட்டின ஏதோ நடைபாலத்தின் படத்துக்கு அவன் விருப்பக்குறி போட்டிருந்தான். அசிங்கமான பாலம். வெண்டலின் கண்ணுக்கு அது பிடிக்க வாய்ப்பே இல்லை. பின்னே எதற்குப் போட்டான்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் மன்னிப்பைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்க, மேரன் பாட்டுப் புத்தகத்துக்குள் போனை ஒளித்து வைத்துப் பார்த்தாள். வெண்டல் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆண்டவருக்கான நேரத்தில் எவன் உத்தியோகத் தளத்தில் உலாவுவான்? அவளும் அதே தளத்தில்தான் உலாவிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை மேவிஸ் காப்பிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றாள்.

"என்ன அம்மாடி, புருஷன் மேல சந்தேகப்பட்டவ மாதிரி அவன் பக்கத்தையே முறைச்சுக்கிட்டிருக்க?"

மேரன் திரையை மாற்றினாள். "வெண்டல் நல்லா இருக்கான்ல?"

"பத்தடி தள்ளி உக்காந்திருக்கான். கேளு."

"கேட்டா என்ன நினைப்பான்?"

"நீ கேட்டேன்னு நினைப்பான். வேற என்ன நினைப்பான்?" என்று சொல்லிவிட்டு மேவிஸ் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலும் மேரன் கண்ணில் பட்டது. அப்படியானால் இவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்கிறார்கள். போகும்போது இவளையும் கூட்டிக்கொண்டு போவான். மேவிஸுக்குச் சளி பிடித்திருந்தது, தும்மல் வந்ததால் முகத்தைத் திருப்பினாள் என்பதை யோசிக்கிற நிலையில் மேரன் இல்லை.

வெண்டலின் சிரிப்பு, வெண்டலின் மௌனம், மத்தியானச் சூப்பை அவன் கொஞ்சம் மிச்சம் வைத்தது, எல்லாமே சாட்சி சொல்ல ஆரம்பித்தன. அவனிடமிருந்து வேலைச் செய்திகள் ஒழுங்காகச் சிவப்பில் வந்தன. தூண் நம்பர் இத்தனை, விரிசல் இத்தனை, வியாழனுக்குள் பதில் வேண்டும். வேறு ஒரு வார்த்தை கிடையாது. எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறான் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். கூட்டாளி விலகினால் என்ன ஆகும் என்று, யாருக்கோ வந்த வியாதியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள். வக்கீல் விரலால் மேசையைத் தட்டினார். "போற ஆளு கையோட எதை எடுத்துட்டுப் போவாருன்னு நமக்குத் தெரியாது. முக்கியமானதைப் பூட்டி வைங்க" என்றார்.

முக்கியமானது ஒன்றுதான் இருந்தது. மூஸ் ஓடைப் பாலத்தின் டெண்டர். கோட்டைவிட்டதை ஈடுகட்டப் போகிற வேலை. அடுத்த புதன்கிழமை கெடு. ஞாயிறு சாயங்காலம் மேரன் வீட்டிலிருந்தபடியே அந்த ஃபோல்டருக்குப் புதுக் கடவுச்சொல் போட்டாள். ஒரு முன்ஜாக்கிரதைதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கைக்குழந்தையிடமிருந்து பொம்மையைப் பிடுங்கின மாதிரி வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரை விளிம்புக்கு மேலாக அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெண்டல் வந்தான், கோட்டைக் கழற்றினான், கணினியைத் திறந்தான். எதையோ தட்டினான். மறுபடி தட்டினான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை தட்டினான். அப்புறம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் பக்கம் திரும்பவேயில்லை. கொஞ்ச நேரத்தில் கழற்றின கோட்டையே மாட்டிக்கொண்டு கீழே காருக்குப் போனான்.

அகப்பட்டான், என்று மேரன் நினைத்தாள். மடியில் கனமில்லாதவனாக இருந்தால் 'ஏன் பூட்டியிருக்கு' என்று ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கமாட்டானா? கேட்கவில்லையே.

திரும்பி வந்தவன் சாயங்காலம் வரை வேறு வேலை பார்த்தான். மேவிஸ் கொண்டு வந்த காட்டரிசிச் சூப்பை நன்றாக இருக்கிறது என்றான்.

செவ்வாய்க்கிழமை அவளால் தாங்க முடியவில்லை. "மூஸ் ஓடையை இன்னொரு தடவை பாத்துட்டு வரலாமா?" என்றாள். இந்த ஊரில் கனமான பேச்சு எதுவும் வண்டிக்குள்தான் நடக்கும். இருவரும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசலாம். யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

ஏரிக்கரையோரம் வடக்கே போனார்கள். அவள் ஐஸைப் பற்றிக் கேட்டாள். அவன் ஐஸைப் பற்றிச் சொன்னான். பாலத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்தவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுடைய வாய் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"நீ கார்ஸ்டெட்டுக்குப் போறியா?"

வெண்டல் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "போறேன். ஒண்ணாந் தேதியிலேர்ந்து. நேத்துதான் கையெழுத்துப் போட்டேன்."

"எனக்குத் தெரியும்!" ஸ்டியரிங்கை அடித்தாள். "மூணு மாசமா என் முதுகுக்குப் பின்னாடி இதத்தான் பண்ணிக்கிட்டிருந்த. டை என்ன, கார்ஸ்டெட்காரனுங்க சிநேகிதம் என்ன! தினம் கார்ல உக்காந்து குசுகுசு வேற. நான் என்ன குருடின்னு நினைச்சியா?"

அவன் மெதுவாகத் திரும்பினான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"முதுகுக்குப் பின்னாடியா? முதல்ல உனக்குத்தானே எழுதினேன்."

"எப்ப எழுதின?"

"அக்டோபர்ல, அவங்க கூப்பிட்ட அன்னிக்கே. அப்புறம் நவம்பர்ல, வான்கோழி விருந்து முடிஞ்ச வாரம் இன்னொரு தடவை எழுதினேன்."

இரண்டாம் தரம் எழுதுவது என்பது இங்கே நடுத்தெருவில் நின்று கத்துவதற்குச் சமம். வெண்டல் போன்ற ஆள் இரண்டாம் தரம் எழுதினான் என்றால் அன்றைக்கு அவன் தூங்கியிருக்கமாட்டான்.

"எனக்கு எதுவும் வரல."

"வந்துச்சு மேரன். பாத்தாச்சுன்னு குறி விழுந்துச்சு. ரெண்டு தடவையும் அனுப்பின உடனே விழுந்துச்சு."

அவள் கையுறையைக் கடித்துக் கழற்றினாள். போனை எடுத்தாள். சல்லடையைத் திறந்து, திறக்கவே கூடாத சாம்பல் கூடையைத் திறந்தாள். தள்ளுபடி விளம்பரம், மாநாட்டு அழைப்பு, யாரோ யாருக்கோ சொன்ன வாழ்த்து. விரலால் தள்ளித் தள்ளிப் பின்னால் போனாள். நவம்பர் முடிவில் ஒரு வரி: 'வெண்டல்: முன்பு எழுதியதை நினைவூட்டுகிறார். அவசரமில்லை என்கிறார். பதில் தேவையில்லை.' அதற்கும் முன்னால், அக்டோபரில்: 'வெண்டல்: உங்கள் நலனில் அக்கறை, பொதுவான எண்ணங்கள். பதில் தேவையில்லை.'

அதைத் தொட்டாள். உள்ளேயிருந்து அவனுடைய எழுத்து வந்தது.

'மேரன், கார்ஸ்டெட்ல கூப்பிடறாங்க. நான் ஒண்ணும் தேடிப் போகல. அந்த டெண்டர் போனதிலேர்ந்து நீ படற பாட்டைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு பேருக்கு இந்தக் கம்பெனி தாங்காதுன்னு உனக்குத் தோணினா சொல்லிடு, நான் விலகிக்கறேன், மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டேன். எனக்கு இங்கயேதான் இருக்கணும். இருன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா அவங்களுக்கு இப்பவே முடியாதுன்னு சொல்லிடுவேன். அவசரமில்ல. உனக்கு நேரம் கிடைக்கறப்போ பாத்துக்கலாம்.'

தேதி இல்லை. கேள்விக்குறி இல்லை. பாலத்தின் பெயர் இல்லை. சல்லடைக்கு இது என்னவென்று எப்படித் தெரியும்?

"நான் படிக்கல" என்றாள். "அந்த மெஷின் படிச்சிருக்கு. குறியும் அதுதான் போட்டிருக்கு. நான் படிக்கவே இல்ல, வெண்டல்."

அவன் போனை வாங்கி, தான் எழுதினதைத் தானே ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல? பத்தடி! பத்தடி தூரத்துலதான உக்காந்திருந்த?"

"மேசைகிட்ட வந்து பேசாதன்னு நீதான சொன்ன?"

"சொன்னா? ஒரு தடவை மீறினா உன் குடி முழுகிடுமா?"

"நீ கூடத்தான் இத்தனை நாளா கேக்கல." அவன் குரல் உயர்ந்தது, அவள் அதைக் கேட்டதே இல்லை. "கார்ல உக்காந்து நான் என்ன பேசினேன்னு நினைக்கற? இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, என் கூட்டாளி பதில் சொல்லலன்னுதான் கெஞ்சிக்கிட்டிருந்தேன். அந்தப் படம்கூட அவங்க ஆபீஸ்ல ஒருத்தி மாத்தச் சொன்னா. நாள் கடத்தறதுக்காக மாத்தினேன்."

மேரன் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்துதான் அவங்க குடுத்த கடைசி நாள்" என்றான் வெண்டல், இறங்கின குரலில். "சரி, எழுதினதெல்லாம் போதும், மூஸ் ஓடைக் கணக்கை முடிச்சுக் கையில எடுத்துக்கிட்டு நேரா உன் மேசைக்கு வந்து கேட்டுடறதுன்னு முடிவு பண்ணித்தான் காலைல வந்தேன். ஃபோல்டர் பூட்டியிருந்துச்சு."

மேரன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முகத்துக்கு நேரா சொல்ல உனக்குச் சங்கடமா இருக்குன்னு நினைச்சேன். இதான் பதில்னு எடுத்துக்கிட்டேன். கீழ போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போகாத" என்றாள் அவள். அழுகை வந்துவிட்டது. "வெண்டல், நீ இல்லாம என்னால ஒண்ணுமே ஆகாது. நேராவே சொல்றேன். போகாத."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். "இதை அக்டோபர்ல கேட்டிருக்கணும் நான்" என்றான். "வாக்குக் குடுத்துட்டேன், மேரன். ரீட்டாகிட்டயும் சொல்லிட்டேன். வீட்டை விக்க ஆளைக் கூப்பிட்டுட்டா."

திரும்பி வருகிற வழியில் ஐஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

அலுவலகத்துக்குள் வந்ததும் வெண்டல் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக அவள் மேசைக்கு வந்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேவிஸ் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்றைக்கும் இல்லாத அதிசயமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"பூட்டைத் திற. நாளைக்குக் கெடு. தூண் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு. அது எனக்குத்தான் தெரியும்."

அவள் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். மறுபடி தப்பாக அடித்தாள். கண் மறைத்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்தான். திறந்ததும் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தான் விட்டுப் போகப் போகிற கம்பெனிக்காக ஒவ்வொரு தூணாகக் கணக்குப் போட்டான். இடையிடையே அவள் கேட்டாள், அவன் சொன்னான். இத்தனை மாசமும் பேசியிருக்கலாமே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது.

எல்லாம் முடிந்து கடைசிப் பக்கம் வந்தது. அங்கே வழக்கம்போல இருவர் பெயரும் அருகருகே இருந்தன.

"ஒண்ணாந் தேதிக்கு மேல நான் இங்க இல்ல" என்றான் வெண்டல். "இதுல என் பேர் இருக்கக் கூடாது. எடுத்துடு."

மேரன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே அழித்தான். பக்கத்தின் வலது பாதி காலியாகி, அவள் பெயர் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாக இல்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதை மெல்ல நகர்த்திக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் அளவு பார்த்து, சரியாக நடுவில் வைத்தான்.

"பாரு, சரியா இருக்கா?" என்றான்.

சரியாகத்தான் இருந்தது. அங்கே இன்னொரு பெயர் இருந்த அடையாளமே இல்லை.